ரியல் எஸ்டேட் வேலைக்கு மேல்படிப்பு: எம்.பி.ஏ.வா, சட்டமா, நகரமைப்பா?

ரியல் எஸ்டேட்டுக்குப் போக என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களில் பலர் எம்.பி.ஏ. என்ற பதிலைக் கையோடு கொண்டுவந்துதான் கேட்கிறார்கள். எந்த எம்.பி.ஏ., எந்தக் கல்லூரி என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். என் பதில் வேறு. திருநெல்வேலியிலோ சுற்றுவட்டாரத்திலோ இருந்துகொண்டு தொழில் செய்யப்போகிறவர் முதலில் மூன்று வருடச் சட்டப் படிப்பைப் பார்க்க வேண்டும். சென்னை, பெங்களூரு என்று கிளம்பிவிடுகிறவருக்குக் கணக்கு மாறும். வெளிநாடு என்றால் அது தனிக் கணக்கு.

மனை விற்றுக் கமிஷன் வாங்குவதுதான் நோக்கம் என்றால் எந்த மேல்படிப்பும் தேவையில்லை. ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்த 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, பதிவு செய்த திட்டங்களின் மனைகளையும் வீடுகளையும் விற்கும் முகவர் ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு முதுகலைப் பட்டம் யாரும் கேட்பதில்லை. கே.டி.சி. நகரிலும் பெருமாள்புரத்திலும் நன்றாகச் சம்பாதிக்கிற அண்ணாச்சிமாரில் பத்தாம் வகுப்போடு நின்றவர்களும் உண்டு. அவர்களுடைய பலம் ஆள் பழக்கம். எந்த வீட்டில் கல்யாணம் வருகிறது, எந்த அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கிற பேச்சு நடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும். கல்லூரியில் அதற்குப் பாடம் கிடையாது.

பட்டம் கேட்கிற வேலைகள் வேறு வகை. நிலத்தின் பத்திரங்களைப் பார்த்து வாங்கலாமா கூடாதா என்று சொல்வது, வாங்க வேண்டிய நிலத்தை உரிமையாளர்களிடமிருந்து சிக்கலில்லாமல் முடித்துக் கொடுப்பது, திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், எப்போது திரும்பும் என்று கணக்குப் போடுவது, மனைப்பிரிவு வரைபடம் போட்டு அனுமதி வாங்குவது, கட்டுமானத்தை நடத்துவது, வங்கிக்காகச் சொத்தை மதிப்பிடுவது. எந்தப் படிப்பு என்று முடிவு செய்வதற்கு முன், இவற்றில் எந்த நாற்காலியில் உட்கார விருப்பம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் "ரியல் எஸ்டேட்" என்று பொதுவாகச் சொல்லிப் படிப்பில் சேர்ந்தால், கடைசியில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் போய் உட்கார நேரும். அதற்குத்தான் பட்டமே வேண்டியதில்லையே.

நான் சட்டத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் நம் பக்கத்து நிலத்தின் தன்மை. ராதாபுரம் வட்டத்தில் ஆறு ஏக்கர் புஞ்சை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றாலைக்கோ சூரிய மின்சாரத்துக்கோ ஒரு நிறுவனம் கேட்கிறது. பட்டா ஒரே ஆள் பெயரில் இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. "பேப்பர் கிளியர் அண்ணாச்சி" என்று தரகர் சொல்லிவிடுவார். இப்போது தாய்ப் பத்திரத்தை, அதாவது முந்தைய மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். 1962-ல் தாத்தா கிரயம் வாங்கியது. தாத்தாவுக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். 1979 முதல் 1987 வரை யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் வேலை நடந்தபோது ஊரில் இருந்தவர் மூத்த மகன் மட்டும். பட்டா அவர் பெயருக்கு ஏறிவிட்டது. இரண்டாமவர் பம்பாய்க்குப் போய் தாராவியிலேயே தங்கிவிட்டார். மூன்றாமவர் காலமாகி, அவர் பிள்ளைகள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். பாகப்பிரிவினை வாய்ப்பேச்சாக நடந்ததோடு சரி, பத்திரம் எழுதவே இல்லை. மகள்களைப் பற்றிக் கேட்டால் "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பார்கள்.

சட்டம் நகையைப் பார்ப்பதில்லை. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்குதான். பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வேறு பாதையில் போக வேண்டும். அதே குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் 1925 வாரிசுரிமைச் சட்டம். இஸ்லாமியக் குடும்பமாக இருந்தால் பங்குக் கணக்கே வேறு. பாளையங்கோட்டையையும் மேலப்பாளையத்தையும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவர் இந்த மூன்றும் தெரியாமல் ஒரு வாரம்கூடத் தள்ள முடியாது. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவுதான், அதுவே உரிமை மூலம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியும், பட்டாவை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இது ஒரு நிலத்தின் கதை. அடுத்த நிலம் பழைய ஜமீன் நிலமாக இருக்கும், 1948 ஒழிப்புச் சட்டத்தில் யாருக்குப் பட்டா கிடைத்தது என்று தேட வேண்டும். அதற்கடுத்தது முன்காலத்தில் மானியமாக விட்ட இனாம் நிலம், கோயில் பெயர் ஏதாவது ஒரு மூலையில் தட்டுப்படும். தாமிரபரணிக் கரையில் கோயிலும் மடமும் இல்லாத ஊர் எது? இன்னொன்று அங்கீகாரம் இல்லாத பழைய மனைப்பிரிவு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியபோது பலர் கையில் பத்திரத்தோடு திகைத்து நின்றார்கள். 2017-ல் வந்த வரன்முறை விதிகளுக்குள் அந்த மனை வந்ததா, வரவில்லையா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-ஐ ஒட்டிய காலத்தோடு நின்றுவிடும். அதற்கு முந்தியதை அலுவலகத்தில் மனு போட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த முடிச்சையெல்லாம் அவிழ்த்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி முடிக்கிற ஆளுக்கு இங்கே எப்போதும் வேலை உண்டு. நிறுவனங்கள் கேட்கும், வங்கிகள் கேட்கும், வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்க்காரர்களும் கேட்பார்கள்.

செலவும் ஒரு காரணம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலேயே மூன்று வருட எல்.எல்.பி. இருக்கிறது. எந்தப் பட்டம் படித்திருந்தாலும் சேரலாம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். கட்டணம் தனியார் எம்.பி.ஏ.வோடு ஒப்பிடும் அளவிலேயே இல்லை.

சரி, குறைகளும் உண்டு. மூன்று வருடம் நீளமானது, எம்.பி.ஏ. இரண்டே வருடம். வகுப்பில் சொத்து மாற்றுச் சட்டமும் பதிவுச் சட்டமும் சொல்லிக் கொடுப்பார்கள். சாகுபடிக் கணக்கான அடங்கலையும், நில அளவைப் புல வரைபடத்தையும் எதிரே வைத்து ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க யாரும் அங்கே கற்றுத்தர மாட்டார்கள். அதற்கு ஒரு சீனியரிடம் உட்கார வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுகா ஆபீசிலும் கால் கடுக்க நிற்க வேண்டும். அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று: வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர் நேரடியாக வியாபாரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பணம் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும் பங்குதாரராக இருக்கலாம். முழுநேரச் சம்பள வேலையும் கூடாது. அப்படிச் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைத்துவிட்டுத்தான் சேர வேண்டும். ஆகவே சட்டம் படித்துவிட்டு நானே லேஅவுட் போட்டு விற்கப்போகிறேன் என்பவர், படிப்பை வைத்துக்கொண்டு பதிவைத் தவிர்க்க வேண்டியிருக்கும். வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதப்போகிறேன் என்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி எம்.பி.ஏ. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஊரைச் சுற்றி வரிசையாகக் கல்லூரிகள் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொதுவான எம்.பி.ஏ. முடித்து உள்ளூரிலேயே இந்தத் துறையில் வேலை தேடினால், வீட்டுக்கடன் நிறுவனங்களின் கிளைகளில்தான் கிடைக்கும். அது மோசமான வேலை இல்லை. இரண்டு வருடத்தில் ஊரின் விலை நிலவரம் அத்துபடியாகும். ஆனால் அதற்கு எம்.பி.ஏ. கட்டாயம் இல்லை. நம் ஊர்க் கட்டுமானத் தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழில். கணக்கை மச்சான் பார்ப்பார், வசூலைத் தம்பி பார்ப்பார். அங்கே போய் வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து காட்டத் தெரியும் என்று சொன்னால், "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, தச்சநல்லூர்ல ரெண்டு பார்ட்டி இருக்கு, முடிச்சுத் தருவியா?" என்பார் முதலாளி.

ரியல் எஸ்டேட்டுக்கென்றே இருக்கும் எம்.பி.ஏ. வேறு. 1983-ல் தொடங்கிய, புனேயில் இருக்கும் கட்டுமான மேலாண்மைக் கல்வி நிறுவனமான நிக்மார், நொய்டாவில் அமிட்டி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆர்.ஐ.சி.எஸ். பள்ளி ஆகிய இரண்டும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. ஒரு திட்டம் லாபம் தருமா என்று முன்கூட்டியே கணக்கிடுவது, கடனும் சொந்தப் பணமும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும், வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தை ரெரா சொல்கிறபடி தனிக் கணக்கில் வைத்துக்கொண்டு கட்டுமானத்தை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் இங்கே பாடம். படித்தவர்கள் போய்ச் சேரும் இடம் பெருநகரம்தான்: பெரிய கட்டுமான நிறுவனங்கள், அலுவலகக் கட்டடங்களைக் குத்தகைக்கு முடித்துத் தரும் ஆலோசனை நிறுவனங்கள், பலரிடம் பணம் திரட்டி வாடகைக் கட்டடங்களில் போடுகிற, 2019-லிருந்து பங்குச் சந்தைக்கு வர ஆரம்பித்த ரெய்ட் நிறுவனங்கள். செலவு பத்து லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். அந்தப் பணத்தைப் போட்டுவிட்டு வள்ளியூருக்குத் திரும்பி வந்தால் போட்டது எழும்பாது.

எம்.பி.ஏ.வுக்கான கேட் (CAT) தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து ஐ.ஐ.எம். திருச்சி போன்ற இடத்தில் பொதுவான எம்.பி.ஏ.வும் கிடைத்து, இந்தத் தனிப் படிப்பும் கிடைத்தால்? நான் பொது எம்.பி.ஏ.வைத்தான் எடுக்கச் சொல்வேன். மனைத் தொழில் ஏறும், இறங்கும். இறங்குகிற வருடத்தில் வெளியே வருகிற மாணவருக்குத் துறைப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் போக்கிடம் குறைவு. பொது எம்.பி.ஏ.க்காரர் வங்கிக்கோ வேறு தொழிலுக்கோ போய்விட்டு, சந்தை நிமிர்ந்ததும் திரும்பலாம். கேட் மதிப்பெண் சுமார்தான், கிடைப்பது பெயர் தெரியாத கல்லூரியின் எம்.பி.ஏ.தான் என்றால், அப்போது தனிப் படிப்பே மேல். எதில் சேர்ந்தாலும், போன வருடம் வேலைக்கு எடுத்த நிறுவனங்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், என்ன பதவிக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். பெரிய பில்டரின் பெயர் போட்டிருக்கும். வேலை என்னவோ சனி ஞாயிறில் மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டுவதாக இருக்கும்.

சிவில் இன்ஜினியரிங்கோ ஆர்க்கிடெக்சரோ படித்தவர்களுக்கு இன்னும் சில வழிகள் திறந்திருக்கின்றன. சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் நகரமைப்பு முதுநிலைப் படிப்பான எம்.பிளான் இருக்கிறது; டெல்லியில் எஸ்.பி.ஏ. என்ற திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. பொருளாதாரம், புவியியல், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் சில நிறுவனங்கள் எம்.பிளானுக்கு எடுத்துக்கொள்கின்றன. பி.காம். படித்தவருக்கு இந்தக் கதவு நேரடியாகத் திறக்காது.

நகரமைப்புப் படிப்பின் பயன் என்ன என்று நம் ஊர் புரமோட்டர்கள் கேட்பதுண்டு. மூன்று ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். 300 சென்ட், சதுர அடியில் 1,30,680. சாலைகளுக்கு 28 சதவீதம் போகிறது என்று வையுங்கள், மீதி சுமார் 94,000 சதுர அடி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்பதால் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைத்துவிட வேண்டும். விற்க மிஞ்சுவது ஏறக்குறைய 194 சென்ட். விவரம் தெரிந்த பிளானர் ஒரு குறுக்குச் சாலையை இடம் மாற்றிப் போட்டு, முக்கோணமாக வீணாகும் மூலையைச் சரிசெய்து, எட்டு சென்ட் மிச்சம் பிடித்தால், சென்ட் நான்கு லட்சம் விலையில் அது முப்பத்திரண்டு லட்சம். நஞ்சை என்றால் வேளாண் துறையின் தடையில்லாச் சான்று, நிலப் பயன்பாட்டு மாற்றம். மேற்கே மலையடிவாரத்தில் மலைப்பகுதிப் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் இன்னும் கூடுதல் அனுமதிகள். இந்த வரிசை தெரிந்தவர் இல்லாமல் வருடக்கணக்கில் கோப்பு நகராமல் கிடப்பதும், அதுவரை வட்டி ஓடுவதும் இத்தொழிலில் சகஜம். அரசு வேலைக்கும் இந்தப் பட்டம் உதவும்; நகர் ஊரமைப்புத் துறையின் சில பணிகளுக்கு இதைக் கேட்கிறார்கள். ஆனால் முழுநேர பிளானரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் அளவு பெரிய நிறுவனங்கள் நெல்லையில் குறைவு. இங்கே தனியாக அலுவலகம் போட்டு, பல புரமோட்டர்களுக்கு வரைந்து கொடுப்பதுதான் நடைமுறை. முதல் சில வருடம் வருமானம் மெதுவாகத்தான் ஏறும்.

கட்டுமான மேலாண்மையில் எம்.இ., எம்.டெக். என்பதும் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி, ஐ.ஐ.டி. சென்னை போன்ற இடங்களில் கிடைத்தால் நல்லது. அது கட்டுகிறவருக்கான படிப்பு, நிலத்தை வாங்கி விற்கிறவருக்கானது இல்லை என்பதால் இங்கே நீட்டவில்லை.

மதிப்பீட்டாளர் ஆகலாமா என்பது சிவில் படித்த நெல்லைப் பையன்கள், பெண்கள் இருவரும் யோசிக்க வேண்டிய வழி. எந்த ஊரிலும் வங்கிக்கு மதிப்பீட்டாளர் வேண்டும். மதிப்பீட்டாளர்களுக்கான 2017 விதிகளின்படி நிலம், கட்டடம் பிரிவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராக, சிவில், ஆர்க்கிடெக்சர் அல்லது நகரமைப்பில் இளநிலைப் பட்டமும் அதற்குப் பின் ஐந்து வருட அனுபவமும் வேண்டும். முதுநிலைப் பட்டம் என்றால் மூன்று வருட அனுபவம் போதும். அதோடு 50 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு. கூட்டிப் பாருங்கள்: முதுநிலைக்கு இரண்டு வருடம், அனுபவத்துக்கு மூன்று, மொத்தம் ஐந்து. படிக்காமல் நேரே வேலைக்குப் போனாலும் அதே ஐந்து, அதுவும் சம்பளத்தோடு. ஆகவே இந்தப் பதிவுக்காக மட்டும் என்றால் முதுநிலை படிப்பதில் லாபமில்லை.

வெளிநாட்டுப் படிப்புகளின் பெயர்கள் கவர்ச்சியாக இருக்கும். எம்.ஐ.டி.யின் ரியல் எஸ்டேட் மையம் 1983-லேயே தொடங்கியது. கார்னெல், கொலம்பியா, இங்கிலாந்தில் ரெடிங், சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம் என்று நல்ல இடங்கள் நிறைய. பாடம் உயர்தரம்தான். ஆனால் அவர்கள் சொல்லித்தருவது அவர்கள் ஊர்ச் சந்தை, அவர்கள் ஊர் வரி, அவர்கள் ஊர்க் குத்தகைச் சட்டம். அமெரிக்காவில் பெரிய பெயர் உள்ள இடம் என்றால் தங்கும் செலவோடு ஒரு கோடி அளவிலோ அதற்கு மேலோ ஆகிவிடும். அவ்வளவு கடனுக்கு வங்கி ஈடு கேட்கும். ரியல் எஸ்டேட் படிக்க அப்பாவின் மனைப் பத்திரம் அடமானத்துக்குப் போகும். அங்கேயே வேலை கிடைத்து, விசாவும் கிடைத்துத் தங்கினால்தான் அந்தக் கடன் அடையும். இரண்டும் நம் கையில் இல்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ சொந்தக்காரர்கள் தொழிலில் இருக்கும் குடும்பம் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். துபாயில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை நடத்துகிறது. படிக்கிறபோதே அந்த ஊர்ச் சந்தையில் கால் ஊன்றலாம் என்பது அதன் வசதி.

இதையெல்லாம் தாண்டி, அப்பாவே லேஅவுட் போடுகிறவர், பிள்ளை அதைத்தான் தொடரப்போகிறார் என்கிற வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை தேடும் கவலை இல்லை. வீட்டில் எது குறைகிறதோ அதைப் படித்தால் போதும். பெரும்பாலான வீடுகளில் நிலம் பார்க்கவும் விற்கவும் ஆள் இருக்கும், பத்திரத்துக்கு வெளியே வக்கீலை நம்பியிருப்பார்கள். மகளோ மகனோ எல்.எல்.பி. முடித்து, வழக்கறிஞராகப் பதியாமல் தொழிலிலேயே இருந்தால் அந்தக் குறை தீரும்.

எல்.எல்.பி., எம்.பி.ஏ. இரண்டும் படிக்கலாம் என்று நினைப்பவர் சட்டத்தை முதலில் முடிப்பது நல்லது. வேலைக்குப் போன பிறகு எம்.பி.ஏ.வை வார இறுதி வகுப்பாகவோ தொலைநிலையிலோ முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. சட்டத்துக்கு அந்த வழி கிடையாது. ஒழுங்காக வகுப்புக்குப் போய், பாடத்துக்கு 70 சதவீத வருகை காட்ட வேண்டும். இப்போதே முடிவெடுத்தாக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. கேட் நவம்பரில் முடிந்துவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.பி.ஏ.வுக்கான டான்செட், எம்.பிளானுக்கும் எம்.இ.க்குமான சீட்டா ஆகிய இரு நுழைவுத் தேர்வுகளும் அடுத்த வருடத் தொடக்க மாதங்களில் வரும். மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, டிகிரி மதிப்பெண்தான். விண்ணப்பம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வரும். எல்லாவற்றையும் எழுதிவைத்து, முடிவுகள் கைக்கு வந்த பிறகு உட்கார்ந்து பார்க்கலாம்.